கடை வகுப்பைத் தாங்கட்டும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் மாலை நேரப் பாட வகுப்புகளைப் பற்றியும், விடுதி மாணவர்க்குச் செய்த உதவிகளைப் பற்றியும், அரசுத் தேர்வுகளில் வென்ற நம் பிள்ளைகளைப் பற்றியும் முன்னர்ப் பேசியவர்கள் விரிவாகக் கூறிவிட்டார்கள். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சிறியது. சனிக்கிழமை தோறும் நடைபெறும் ஓவிய வகுப்பு ஒன்று. அதற்கு அடுத்த அறையில் தாய்மார் எழுவர் நடத்தும் துணிப்பைத் தொழிற்கூடம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே இருப்பது ஒரு சுவர். அந்தச் சுவர் ஏன் வேண்டும் என்பதை நாம் சில ஆண்டுகள் தவறு செய்தே கற்றுக்கொண்டோம். அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

ஓவிய வகுப்பைத் தொடங்கிய முதல் மாதத்திலேயே தந்தையார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மாநகராட்சியில் துப்புரவுப் பணி செய்பவர். மகன் கத்தரிக்கோலும் அட்டையுமாக வீட்டில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு அவருக்கு மனம் பொறுக்கவில்லை. “ஐயா, எங்க கையில எல்லாம் ஒரு தொழிலக் குடுத்து உட்கார வெச்சுட்டாங்க. பிள்ளை கையிலயும் தொழிலக் குடுத்துடாதீங்க. புத்தகத்தக் குடுங்க” என்றார். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. பி.ஏ., பி.எட். படித்துத் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கும் அந்த அச்சம் உள்ளுக்குள் இருந்தது.

அந்த அச்சத்திற்கு வரலாறு உண்டு. 1953ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கண்டும் செய்தும் பழகுதல். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். தந்தை பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். பின்வந்த காமராசர் அதே ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டார். குயவர் பிள்ளைக்குச் சக்கரம், தச்சர் பிள்ளைக்கு உளி என்றால், நம் பிள்ளைக்கு எது? இக்கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் நாம். தொழிலைப் பகுத்துக்கொள்வது வேறு, தொழில் செய்வோரையே மேல் கீழாகப் பிரித்து அடைத்து வைப்பது வேறு என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் தெளிவாக எடுத்துக் காட்டினார். ஆதலின் அந்தத் தந்தையாரின் சொல்லை அறியாமை என்று ஒதுக்க இயலாது.

நாம் அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டோம். “அடுத்த சனிக்கிழமை வந்து ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.” அவர் வந்தார்.

அன்று பிள்ளைகளிடம் விரும்பிய படத்தை வரையுமாறு கூறினோம். நாற்பது தாள்களிலும் ஒரே படம். அவையோரே, அந்தப் படத்தை நீங்களும் அறிவீர்கள். இரண்டு முக்கோண மலைகள். நடுவில் பாதிச் சூரியன். மேலே இரு வளைகோடுகளாகப் பறவைகள். கீழே ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. நாமும் சிறுவயதில் அதையே வரைந்தோம். நம் ஆசிரியரும் வரைந்திருப்பார். சன்னலைத் திறந்து வெளியே பார்க்கச் சொன்னோம். கூரைகளுக்கு மேலே மலைக்கோட்டை நின்றது. ஏறத்தாழ 83 மீட்டர் உயரம், ஒற்றைப் பாறை, முக்கோணமும் அன்று. “இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உங்களில் ஒருவர்கூட இதை வரையவில்லையே, ஏன்?” என்றோம். ஒரு சிறுவன் எழுந்து, “சார், அது மலைக்கோட்டை. மலை இல்லை” என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் அவன் சொன்னதில் நகைப்பதற்கு மட்டும் இடமில்லை. மலை என்றால் புத்தகத்தில் உள்ளது. கண்ணெதிரே நிற்பது கணக்கில் சேராது. தான் காண்பது காணத்தக்கதன்று என்று எங்கேயோ அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

அன்றைக்குப் பாறையை வரைந்தார்கள். முதல் வரைவு அனைவருக்கும் பிழையே. பாறை ஒரு பக்கம் சரிந்தும் மறுபக்கம் செங்குத்தாயும் இருப்பதைக் கண் கண்டாலும் கை ஒப்பவில்லை. பென்சிலை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உச்சிப் பிள்ளையார் கோயில் எவ்வளவு, அதன் கீழுள்ள பாறை அதற்கு எத்தனை மடங்கு என்று அளக்கக் கற்றுக்கொடுத்தோம். மூன்றாம் வரைவில் ஒரு பெண் எழுந்து, “சார், கோயில் எவ்வளவு சின்னது!” என்று வியந்தாள். பின்னால் அமர்ந்திருந்த தந்தையார் போகும்போது, “இது தொழில் இல்லீங்க, கணக்கு மாதிரி இருக்கு” என்று கூறிச் சென்றார். அவருடைய மகன் வகுப்பில் தொடர்ந்தான்.

அடுத்து, காந்தி மார்க்கெட்டில் அடுக்கிய கூடைகளையும், உறையூரில் தறியின் முன் அமர்ந்திருப்பவரையும், திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையையும் வரைய அழைத்துச் சென்றோம். திருவரங்கத்து இராசகோபுரம் நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1987இல் 13 நிலைகளுடன் நிறைவு பெற்றது; உயரம் 236 அடி. ஓர் அங்குலத்துக்கு 20 அடி என்று வைத்துக்கொண்டால் தாளில் கோபுரம் எவ்வளவு வரும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டோம். 12 அங்குலத்துக்குச் சற்றே குறைவு என்று கணக்கிட்டார்கள். கணக்குத் தேர்வில் விகிதம் வராத பிள்ளைகளும் அன்று கணக்கிட்டார்கள். 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்திற்கு முன்னர் நம் பாட்டன்மார் அந்தக் கோயிலை வெளியே நின்று கண்டவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் வீதியில் பலகையை மடியில் வைத்து, அந்தக் கோபுரத்தைப் பென்சிலால் அளந்துகொண்டிருந்தார்கள். அதை நாம் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் திருச்சிராப்பள்ளி ஓவியத் தொழிலில் பெயர் பெற்ற நகரம். மைக்கா எனப்படும் அபிரகத் தகட்டின் மீது சிறு சிறு வண்ணப் படங்கள் எழுதி, வெள்ளைக்கார அலுவலர்களுக்கு விற்றார்கள். ஊர்வலங்கள், தெய்வ உருவங்கள், இவற்றோடு சாதிக்கு ஒரு படம், தொழிலுக்கு ஒரு படம் என்று வரிசை வரிசையாக இருக்கும். அவற்றுட் பல இன்று இலண்டன் அருங்காட்சியகங்களில் உள்ளன. உழைப்போர் தத்தம் கருவியுடன் அப்படங்களில் நிற்கிறார்கள். வரையப்பட்டவர்களாக நிற்கிறார்கள். தூரிகையைப் பிடித்தவர் வேறு. வாங்கிச் சென்றவர் வேறு. நம் ஓவிய வகுப்பில் ஒரு பிள்ளை தன் தாய் பாத்திரம் துலக்குவதை வரைந்தால், வரைபவரும் நம் வீட்டவர் என்ற வேறுபாடு அதில் உண்டு.

இனி அடுத்த அறைக்கு வருவோம்.

2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகள் தடை செய்யப்பட்டன. 2021 திசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தை அரசு தொடங்கியது. துணிப்பைக்குச் சந்தை உண்டு என்று தெரிந்தது. தையல் தெரிந்த தாய்மார் எழுவர் சேர்ந்தனர். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் மரச்சட்டங்கள் இரண்டு, பழைய தையல் இயந்திரங்கள் மூன்று. திருவரங்கத்திற்கு வரும் யாத்திரிகர்கள் வாங்கும் அளவில் பைகளைத் தைத்து, கோபுரத்தின் கோட்டுருவை அதில் அச்சிட்டார்கள். ஆதாயம் வந்தால் அதில் ஒரு பங்கு ஓவிய வகுப்பின் தாளுக்கும் வண்ணத்திற்கும் என்று தீர்மானம் எழுதினோம்.

தொழில் என்றால் முதலில் தடுமாற்றம் விலையில்தான். பையைக் கடையில் கொடுக்கச் சென்றபோது, “அறுபது ரூபாய்க்குக் கொடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறோம்” என்றார்கள். துணிக்கு 38, நூலுக்கும் கைப்பிடி நாடாவுக்கும் 4, மைக்கு 3. ஆக 45 ரூபாய் செலவு. 60க்கு விற்றால் 15 ரூபாய் இலாபம் என்று தாய்மார் மகிழ்ந்தார்கள். ஒரு மாதம் ஓடியது. கையில் பணம் இல்லை. ஓய்வு நாளில் கரும்பலகை முன் எழுவரையும் அமர்த்தி, எழுதிக் காட்டினோம். ஒருவர் ஒரு நாளில் 16 பைகளை முடிக்கிறார். வெளியே தையலுக்குச் சென்றால் நாளுக்கு 480 ரூபாய் கிடைக்கும் என்று கொண்டால், ஒரு பைக்குக் கூலி மட்டும் 30. வாடகை, மின்சாரம், அச்சில் பழுதாகும் துணி இவற்றுக்கு 7. கூட்டினால் 82. அறுபதுக்குக் கொடுத்தால் இலாபம் 15 அன்று. வாடகையும் பழுதும் கழித்து, கைக்கு மிஞ்சுவது 8 ரூபாய். பதினாறு பைக்கு 128 ரூபாய். ஒரு முழு நாள் முதுகு வளைந்ததற்கு 128 ரூபாய்! இலாபம் என்று நாம் கொண்டாடியது நம் கூலியிலிருந்து நாமே கொடுத்த தள்ளுபடி. விலைகள் மாறும், கணக்கின் வடிவம் மாறாது. நம் மக்களுக்குக் கூலியைக் கணக்கில் எழுதும் பழக்கம் இல்லை. நம் உழைப்புக்கு விலை உண்டென்று எந்தக் கணக்கப்பிள்ளையும் நமக்கு எழுதிக் காட்டவில்லை. நாமும் எழுதிப் பழகவில்லை.

அதன்பின் 95க்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். சில கடைகள் போயின. சில நின்றன. மற்றொரு கடையில் “வித்தா காசு” என்ற பேச்சில் 200 பைகளை விட்டு வந்தோம். ஆறு மாதம் கழித்து மழையில் நனைந்து கறை படிந்த 130 பைகள் திரும்பின. எஞ்சியவற்றின் பணமும் முழுமையாக வரவில்லை. இப்போது பாதித் தொகை முன்னதாகக் கையில் வாராமல் தையல் இயந்திரம் சுழல்வதில்லை. இதெல்லாம் எந்தத் தொழிலிலும் உள்ளதே, நீட்ட வேண்டியதில்லை.

நாம் சொல்ல வந்த பிழை வேறு. அது கடைக்காரருடையதன்று, நம்முடையது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு படம் வரைந்தாள். முதிய தாய் ஒருவர் நனைந்த சேலையின் ஒரு முனையைக் கையில் பிடித்து நிற்கிறார். காவிரிக் காற்றில் மறுமுனை பறக்கிறது. அவ்வளவே. அந்தச் சேலை உண்மையாகவே பறந்தது. கோட்டை எடுக்காமல் ஒரே வீச்சில் வரைந்திருந்தாள். மார்கழித் திருவிழா நெருங்கிய நேரம். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் கூட்டத்தை எண்ணி ஒரு கடைக்காரர் அந்தப் படத்தைப் பையில் அச்சிட்டு 500 பைகள் கேட்டார். நாம் மகிழ்ந்து அச்சிட்டுக் கொடுத்தோம். பத்து நாளில் தீர்ந்தன. “இதே போல நான்கு படங்கள் வேண்டும்” என்று மீண்டும் வந்தார். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அந்த மாணவியைத் தனியே அமர்த்தி, நான்கு படங்களை வரையச் சொன்னோம். வரைந்தாள். சேலை இருந்தது. காற்று இல்லை.

பிழை அதோடு நிற்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் தாளை வாங்கும்போது, “சார், இது கடைக்கா, எனக்கா?” என்று கேட்கத் தொடங்கினாள். ஒரு குழந்தையின் வாயில் அந்தக் கேள்வியை நாம் வைத்துவிட்டோம்.

அவளுடைய தாய் எழுவருள் ஒருவர். கணக்குப் பார்க்கும் நாளன்று அவர் எழுந்தார். “தச்சதுக்கு எனக்குக் கூலி போட்டீங்க. துணிக்கு வெல, மைக்கு வெல, வாடகைக்கு வெல எல்லாம் எழுதினீங்க. படம் மட்டும் சும்மாவா ஐயா?” என்றார். கரும்பலகையில் நாம் கற்பித்த கணக்கை நமக்கே திருப்பிக் காட்டினார். நாம் நாணித் தலை குனிந்தோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை முதற்கண் அதை வரைந்தவருக்கே உரியது. வரைந்தவர் வயதில் சிறியவர் என்பதால் அது மறைவதில்லை. ஐநூறு பைகளிலும் அவளுடைய பெயர் இல்லை. உரிய தொகையைக் கணக்கிட்டு, அஞ்சலகத்தில் அவள் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கிச் செலுத்தினோம். பத்து வயது நிறைந்த பிள்ளை தானே அந்தக் கணக்கை நடத்தலாம். அவள் முதன்முதலில் பணம் எடுத்தது வண்ணம் வாங்க அன்று. பாட்டிக்குக் கண்ணாடி வாங்க. அது அவள் விருப்பம்.

இதனை எண்ணும்போது வார்தாக் கல்வித் திட்டம் நினைவுக்கு வருகிறது. 1937இல் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, பிள்ளைகள் நூற்கும் நூலையும் செய்யும் பொருள்களையும் விற்று ஆசிரியர் ஊதியத்தை ஈடு செய்யலாம் என்றார். கையால் கற்பது மூளைக்கு நல்லது என்ற பகுதி சரியே. நாம் அதை நம்புகிறோம். ஆனால் பிள்ளை செய்த பொருளை விற்றுப் பள்ளி நடக்குமென்றால், பள்ளி பட்டறையாகும் என்று அன்றே பலர் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைக்கு உரிய சான்று நம் ஊரிலேயே இருந்தது. திருச்சி வட்டாரத்தில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் தொழில் குடிசை தோறும் நடந்த காலத்தில், பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிள்ளைகள் சாணைச் சக்கரத்தின் முன் அமர்த்தப்பட்டனர் என்பதை 1990களின் மனித உரிமை அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. நம்முள் மூத்தவர்களுக்கு அறிக்கை வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோதும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்ற ஒரு வாயிலைத் திறந்தே வைத்தார்கள். உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பதை யார் அளப்பது? ஐநூறு பை விற்ற நாளில் நம்மாலேயே அளக்க முடியவில்லை.

ஆகவே சங்கம் சில முறைகளை வகுத்தது. கடையின் பணம் வகுப்புக்கு வரும்; வகுப்பின் உழைப்பு கடைக்குச் செல்லாது. பைகளுக்கான படங்களை நம் பழைய மாணவர் ஒருவர் வரைகிறார். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்றவர். படத்திற்கு இவ்வளவு என்று பேசிப் பெறுகிறார். பிள்ளை எப்போதோ வரைந்த படத்தைப் பயன்படுத்த நேர்ந்தால் பிள்ளையும் தாயும் இசைய வேண்டும். பெயர் அச்சிட வேண்டும். தொகை பிள்ளையின் கணக்கில் சேர வேண்டும். “இதேபோல் இன்னொன்று” என்ற சொல் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது.

கலை வளரக் கடையே கூடாது என்று நாம் கூறவில்லை. சென்னைக்கு அருகே 1966இல் சோழமண்டலக் கலைக் கிராமத்தை கே.சி.எஸ். பணிக்கரும் உடனிருந்த ஓவியர்களும் அமைத்தபோது, பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்ற பணமே அவர்களுக்கு நிலமாகவும் சோறாகவும் ஆயிற்று. விற்பனைக்குரியதை ஒரு நேரத்தில் செய்து, தமக்குரியதை மற்றொரு நேரத்தில் வரைந்தார்கள். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், தாமே தேர்ந்தவர்கள்.

தேர்வு என்ற அந்தச் சொல்லே அண்மையில் அரசியலிலும் பேசப்பட்டது. 2023இல் மைய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம் குடும்ப வழித் தொழில் 18க்குக் கடனுதவி என்று வந்தது. பதினெட்டு வயதிலேயே சேரலாம் என்பதால் கல்லூரிக்குச் செல்ல வேண்டிய வயதில் பிள்ளை தொழிலுக்குத் திரும்பும் என்று தமிழ்நாடு அதை ஏற்க மறுத்து, 35 வயது நிறைந்தவர்களுக்கு, குடும்பத் தொழில் எதுவென்று கேளாமல், 25 தொழில்களுக்கு உதவும் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. மூன்று இலட்சம் வரை கடன். அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியம். கட்சிச் சார்பாக இதைக் கூறவில்லை. நாம் அரசு ஊழியர். எழுவருள் இருவர் அதற்கு விண்ணப்பம் எழுதினார்கள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நம் கை. அவ்வளவே.

அரசுப் பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கும் நிலை என்ன என்று பெற்றோர் வினவுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் கலைக் கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றிற்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். பின்னர் ஊதியம் சிறிது சிறிதாக உயர்ந்தது. அவர்களுள் சிலர் நம் சமுதாயத்தவர். பிள்ளைகளுக்குப் படம் கற்பித்துவிட்டு மாலையில் சுவர் விளம்பரம் எழுதப் போகிறவர்கள். ஓவியத்தில் மேலே செல்ல விரும்பும் பிள்ளைகள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் ஆகிய இரு நிலைகளையும் எழுத வேண்டும். அதற்கான பயிற்சி நம் வகுப்பில் உண்டு. விண்ணப்ப நாளைத் தவற விடாதீர்கள். சென்ற முறை மூன்று பிள்ளைகள் தவறவிட்டார்கள்.

தொழிற்கூடத்தின் வரவு செலவு ஏடு நுழைவாயிலுக்கு அருகில் மேசை மேல் வைக்கப்பட்டுள்ளது. ஓவிய வகுப்புக்கு வந்த தொகை சிவப்பு மையில் தனியே எழுதப்பட்டிருக்கிறது. படித்தவர்கள் படியாதவர்களுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டுகிறோம். வரும் சனிக்கிழமை வகுப்பு அம்மா மண்டபத்தில். காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளைச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அனுப்புங்கள். ஒரு பலகை, ஒரு கிளிப், இரண்டு பென்சில் போதும். தாளைச் சங்கம் தரும்.